நெடிது வாழும் மலர்ச்செடியும் பூசண நோயும்

நீண்டகாலம் வாழ்வதே வலிமைக்கு அடையாளம், விரைவில் மடிவது மெலிவுக்கு அடையாளம் என்பது நம்மிற் பலர் ஆராயாமலே கைக்கொண்டிருக்கும் ஒரு கொள்கை. மாந்தர் திறத்தில் இக்கொள்கை எவ்வளவு பொருந்தும் என்பதை யான் ஈண்டு ஆராயப் புகவில்லை. செடிகொடிகளின் திறத்தில், அதிலும் அவற்றை வருத்தும் பூசண நோய்களின் திறத்தில், இது பெரிதும் பிழைபடுகின்றது என்பதும், அப்பிழை நம் உணவுப் பயிரைப் பற்றிய பெரியதொரு முயற்சியினுள்ளும் புகுந்துவிடலாகாது என்பதுமே யான் கூறவந்தவை.

தமிழ் பயிலும் மாணவனுக்குப் பூசணத்தோடு என்ன உறவு என்று இயற்கை நூல் பயிலும் நண்பர் சிலர் நகைத்தல் கூடும். குறிஞ்சிப்பாட்டிலுள்ள 99 மலர்களின் பெயரையும் நெட்டுருச் செய்து தேர்வெழுதும் எங்களுக்கு, அம்மலர்களுள் ஒன்றுக்கேனும் நோய் வருமா என்று கேட்கும் உரிமை இல்லையோ? தொல்காப்பியர் தம் மரபியலில், புறத்தே வயிரமுடையவற்றைப் புல் என்றும் அகத்தே வயிரமுடையவற்றை மரம் என்றும் பகுத்தார். அவர் நோக்கியது உடலின் உறுதியை. வாழ்நாளின் அளவை அன்று. இக்காலத் தாவர நூலார் அதனோடு வாழ்நாளையும் கருதி, விதை முளைத்து, வளர்ந்து, பூத்து, காய்த்து, ஓராண்டிற்குள் மடிவனவற்றை ஓராண்டுச் செடிகள் என்பர். மேற்பகுதி கருகினும், நிலத்தினுள் வேரும் அடித்தண்டும் உயிரோடிருந்து அடுத்த பருவத்தில் மீண்டும் தளிர்ப்பனவற்றைப் பல்லாண்டுச் செடிகள் என்பர். இவ்விரு வகையுள் பூசண நோய்க்கு மிகுதியும் ஆளாவது எது என்பதே வினா.

கேட்ட மாத்திரத்தில் எவரும் ஓராண்டுச் செடியைத்தான் சுட்டுவர். மெல்லிய தண்டு, விரைந்த வளர்ச்சி, சில திங்கள் வாழ்வு. இத்தகைய செடி நோயை எதிர்த்து நிற்குமா? பல்லாண்டுச் செடியோ பனியையும் கோடையையும் பலமுறை கண்டு உரம் பெற்றது. இங்ஙனம் எண்ணுவதற்கு அறிவுநூற் சார்பும் இல்லாமற் போகவில்லை. மெல்ல வளரும் செடிகள் தம் இலையைக் காத்துக்கொள்ள மிகுந்த பொருளைச் செலவிடும் என்றும், விரைந்து வளர்வன அச்செலவைக் குறைத்துக்கொள்ளும் என்றும் கோலி, பிரையன்ட், சேப்பின் என்னும் மூவர் 1985-இல் எழுதிய கட்டுரை மிகப் புகழ் பெற்றது. ஆனால் அவர்கள் பேசியது இலையைத் தின்னும் உயிர்களைப் பற்றி. பூசணத்தின் வழி வேறு. அதனை ஓர் உண்மை எடுத்துக்காட்டால் விளக்குதல் நன்று.

ஐரோப்பாவின் வயல்வரம்புகளிலும் சாலையோரங்களிலும் வெண் கேம்பியன் என்னும் மலர்ச்செடி மிகுதியாக உண்டு. சைலீன் என்னும் இனத்தைச் சேர்ந்தது. நம் பூக்கடைகளில் விற்கும் கார்னேஷன் மலருக்கு ஒருவகையில் உறவுடையது. ஐரோப்பியர் குடியேறியபின் அஃது அமெரிக்காவிலும் பரவியது. சில ஆண்டுகள் வாழும் பல்லாண்டுச் செடி. அதில் ஆண் செடி வேறு, பெண் செடி வேறு. மாலையில் மலர்ந்து மணம் வீசும். அந்துப்பூச்சிகள் அம்மணத்தை நாடி வந்து தேனுண்டு, ஆண் மலரின் மகரந்தத்தைப் பெண் மலருக்குக் கொண்டுசெல்லும்.

இச்செடியைப் பற்றும் மைக்ரோபோட்ரியம் என்னும் பூசணம், நம் உழவர் கரிப்பூட்டை என்று கூறும் நோயினத்தைச் சார்ந்தது. கரிப்பூட்டை பொதுவாகத் தானியக் கதிரைக் கரித்தூளாக்குவது. இதுவோ கதிரையும் இலையையும் விட்டு, மகரந்தப்பைக்குள் புகுந்துகொள்கின்றது. மகரந்தம் இருக்கவேண்டிய இடத்தில் கருஊதா நிறமான நுண்வித்துகள் நிரம்பிவிடுகின்றன. வெண்மையான இதழ்களின்மீது மை சிதறினாற்போன்ற கறையைக் கண்டு, நோயுற்ற மலரை வழிச்செல்வோரும் அறியலாம். பூச்சி அவ்வேறுபாட்டைப் பொருட்படுத்துவதில்லை. தேனை நாடி வரும் அதன் உடம்பில் மகரந்தத்திற்கு மாறாக நோய்த்தூள் ஒட்டிக்கொள்கின்றது. அடுத்த மலருக்கு அத்தூளே செல்கின்றது.

இதனினும் வியப்பு ஒன்றுண்டு. பெண் செடியில் மகரந்தப்பை இல்லை. அப்படியானால் பெண் செடி தப்பிவிடுமன்றோ என்னில், தப்புவதில்லை. பூசணம் அப்பெண் மலரில் இயற்கையில் இல்லாத ஆணுறுப்பைத் தோன்றச் செய்து, அதில் தன் தூளை நிரப்புகின்றது; சூலகமோ வளராது சிறுத்துப் போகின்றது. ஆண் செடியும் பெண் செடியும் ஒருங்கே மலடாகின்றன. ஆயினும் பெரும்பாலும் செடி சாவதில்லை. வழக்கம்போல் தளிர்த்துப் பூக்கின்றது. பூக்குந்தோறும் பூசணத்தின் பொருட்டே பூக்கின்றது. கொன்றுவிடும் நோயினும் இது கொடியது என்று எனக்குத் தோன்றுகின்றது. வீட்டை இடிக்காமல், வீட்டுக்காரனையும் வெளியேற்றாமல், அவன் உழைப்பையெல்லாம் தனதாக்கிக்கொள்ளும் குடிக்கூலிக்காரனை இது போலும்.

இந்நோயை ஆண்டுதோறும் எண்ணிக் கணக்கெடுப்போர் உளர். அமெரிக்காவின் வர்ஜீனியா மாகாணத்து மலைப்பகுதியில், சாலையோரத்து வெண் கேம்பியன் செடிகளில் நலமுள்ளவை எத்தனை, நோயுற்றவை எத்தனை என்று 1988 முதல் கணக்கெடுத்து வருகின்றனர். அப்பணியைத் தொடங்கியவர் யானிஸ் அன்டோனோவிக்ஸ் என்னும் அறிஞர். ஒரு செடியினத்தின் ஒரு நோயை இத்தனை ஆண்டுகள் விடாது பின்தொடர்ந்த முயற்சிகள் உலகில் மிகச் சிலவே.

அவரும் திரால், பியர் என்னும் இருவரும் 1993-இல் ஒரு கட்டுரை வெளியிட்டனர். கார்னேஷன் குடும்பத்துச் செடிகளுள் எவ்வெவற்றில் இக்கரிப்பூட்டை காணப்படுகின்றது என்று ஆராய்ந்ததில், பல்லாண்டுச் செடிகளில் அது மிகுதியாகவும் ஓராண்டுச் செடிகளில் அரிதாகவும் இருக்கக் கண்டனர். பதினேழு ஆண்டுகளுக்குப் பின், 2010-இல், மைக்கேல் ஹூட் என்பாரும் அன்டோனோவிக்ஸ் முதலிய பிறரும் இவ்வாராய்ச்சியை உலகளாவியதாக விரித்தனர். சைலீன் இனத்தையும் அதன் உறவினங்களையும் சார்ந்த 42,000 உலர்செடிகளை ஒவ்வொன்றாக நோக்கினர். அவற்றுள் 391 செடிகளில் நோய் காணப்பட்டது. அந்த 391 செடிகளும் 114 வகைகளைச் சேர்ந்தவை. அவற்றுள் ஓராண்டுச் செடி ஒன்றேனும் இல்லை. பல்லாண்டு வாழும் வகைகளிலோ நூற்றுக்கு 80 அளவில் இந்நோய் இருக்கும் என்று கணித்தனர். உறவுமுறையால் ஒரு கிளையினத்துக்கு மட்டும் வந்த நோயோ என்ற ஐயத்தையும் அவர்கள் ஆராய்ந்து நீக்கினர். மலரின் உருவ வேற்றுமைகளும் காரணமாகத் தோன்றவில்லை. வாழ்நாளே காரணமாக நின்றது.

இவ்விடத்தில் உலர்செடிகளைப் பற்றி ஒரு சொல் கூறாது மேற்செல்ல மனம் வரவில்லை. அந்த 42,000 தாள்களில் செடிகளை ஒட்டிவைத்தவர்கள் பல தலைமுறையினர், பல நாட்டினர். அவர்கள் நோயைத் தேடியவரல்லர். பெயரறிய வேண்டியும் தொகுதியை நிறைக்க வேண்டியும் செடியைப் பறித்து, அழுத்தி, உலர்த்தி, இடமும் நாளும் குறித்து வைத்தனர். தாம் பறித்தவற்றுள் நூற்றில் ஒன்றுக்குச் சற்றுக் குறைவானவை நோயுற்றவை என்பது அவர்களிற் பலருக்குத் தோன்றியே இராது. அவர்கள் அறியாது சேர்த்து வைத்த சான்று, பிற்காலத்தில் ஒரு பெரிய வினாவுக்கு விடையளித்தது. பழைய கல்லூரிகள் பலவற்றில் இத்தகைய தாள்கள் அலமாரிகளில் உறங்குகின்றன. இடமில்லை என்று அவற்றை அகற்ற எண்ணுவோர், ஓலைச்சுவடிகளை ஆற்றில் விட்டவர்களின் வரிசையில் சேர்க்கத்தக்கவர் என்பது என் கருத்து.

இனி, ஓராண்டுச் செடி எங்ஙனம் தப்புகின்றது என்பதை நோக்குவோம். அதன் உடம்பில் தனிப்பட்ட நஞ்சோ, கவசமோ இருப்பதால் அன்று. அது செத்துப்போவதால் தப்புகின்றது. இக்கரிப்பூட்டை மலரின் வழியே பரவுவது. ஆதலால் செடி பூக்கும் பருவத்தில்தான் மிகுதியாக வந்து பற்றும். பற்றிய அவ்வாண்டே அது பெருகிப் பயன்பெறுவதில்லை. உள்ளே இறங்கி, அடித்தண்டில் ஒடுங்கிக் குளிர்காலத்தைக் கழித்து, மறு ஆண்டு எழும் தளிரோடு எழுந்து, அத்தளிரின் பூக்களில் தூளாக வெளிப்படவேண்டும். குளிர்காலத்தைக் கழிக்க அதற்கு உயிருள்ள செடி வேண்டும். விதையினுள் புகுந்து அடுத்த தலைமுறைக்குச் செல்லும் வழக்கமும் இதற்கு இல்லை. மலடான செடியில் விதை ஏது? ஓராண்டுச் செடியோ பூத்து முடித்ததும் பட்டுப்போகின்றது. விருந்தாளி பெட்டியை இறக்கிவைக்குமுன் வீடே இல்லாமற் போய்விடுகின்றது.

பல்லாண்டுச் செடிக்கு இதன் எதிர்நிலை. ஒரு கணக்கு இட்டுப் பார்க்கலாம். ஒரு பருவத்தில் நோய் பற்றும் வாய்ப்பு பத்தில் ஒன்று என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். ஒரு பருவமே வாழ்வதற்கு வாய்ப்பு நூற்றுக்கு 10. ஐந்து பருவம் வாழ்வதற்கு அது நூற்றுக்கு 41 அளவில் உயர்ந்துவிடும். ஒருமுறை பற்றிய நோய் பெரும்பாலும் நீங்காது. நோயுற்ற செடி பூக்கும் ஒவ்வோராண்டும் பிற செடிகளுக்கும் நோயைக் கொடுக்கும். வாழ்நாள் நீள நீள, பெறும் வாய்ப்பும் கொடுக்கும் வாய்ப்பும் சேர்ந்து நீள்கின்றன.

இதனைக் கொண்டு, ஓராண்டுச் செடிகளுக்குப் பூசண நோயே வாராது என்று எவரேனும் முடிவு கட்டுவராயின், அவரை நம் சோளக்கொல்லைக்கு அழைத்துச்செல்ல வேண்டும். சோளம் ஓராண்டுப் பயிரே. அதன் கதிரில் மணிக்கு மாறாகக் கரித்தூள் நிறைந்த பைகள் தோன்றும் கரிப்பூட்டையைப் பயிரிடுவோர் அனைவரும் அறிவர். அறுத்துத் தட்டும்போது அப்பைகள் உடைந்து தூள் நல்ல விதைகளின்மேல் படிகின்றது. விதையோடு களஞ்சியத்தில் கிடந்து, விதையோடு முளைத்து, இளஞ்செடியைப் பற்றுகின்றது. விதைக்குமுன் கந்தகத்தூளை விதையோடு கலப்பது இதன்பொருட்டே. கோதுமையைப் பற்றும் ஒருவகைக் கரிப்பூட்டை இன்னும் சூழ்ச்சி மிக்கது. அது பூவின் வழியே புகுந்து விதையின் கருவினுள்ளேயே குடியிருந்துவிடும். விதையின் மேலேயோ உள்ளேயோ ஏறிச்செல்லக் கற்ற பூசணத்திற்கு ஓராண்டுச் செடியின் இறப்பு ஒரு தடையன்று. உயிருள்ள உடம்பையன்றிப் பிறிதொன்றை நம்பாத பூசணத்திற்கே அது பெருந்தடை.

மற்றொரு வகையிலும் இவ்வேலி உடையக்கூடும். இங்கிலாந்தின் தோட்டங்களில் களையாக முளைக்கும் கிரவுண்ட்செல் என்னும் சிறு மஞ்சட்பூச் செடி ஓராண்டுச் செடியே. ஆஸ்திரேலியாவினின்று வந்த ஒரு துரு நோய் 1960-ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஐரோப்பாவில் அதன்மேல் தோன்றி விரைந்து பரவியது. துருவும் உயிருள்ள இலையை விரும்பும் பூசணமே. அஃது எங்ஙனம் நிலைபெற்றது? கிரவுண்ட்செல் ஓராண்டில் ஒருமுறை முளைத்து ஒருமுறை மடிவதன்று. ஒரு தலைமுறை மடியுமுன் அடுத்த தலைமுறை முளைத்துவிடுகின்றது. குளிர்காலத்திலும் அதன் பசுமை நிலத்தினின்று நீங்குவதில்லை. தனிச்செடி குறுகிய வாழ்வுடையதாயினும், கூட்டமாக நோக்கும்போது அது சாவதே இல்லை. பூசணத்திற்கு வேண்டியது அவ்வளவுதான்.

இதே உண்மையை நம் நாட்டிற் கண்டவர் ஆக்ராவில் பணியாற்றிய கே. சி. மேத்தா. வட இந்தியச் சமவெளியில் அறுவடைக்குப் பின்வரும் கோடைவெப்பத்தில் கோதுமைத் துரு முற்றும் அழிந்துவிடுகின்றது. எனினும் அடுத்த பருவத்தில் அது மீண்டும் தோன்றுகின்றது. எங்கிருந்து வருகின்றது? பல ஆண்டு ஆராய்ந்து அவர் 1940-இல் வெளியிட்ட நூலில், குளிர்ந்த மலைகளில் தானாக முளைத்த கோதுமையிலும் பருவம் மாறி விதைத்த கோதுமையிலும் துரு உயிர்தாங்கி நின்று, அங்கிருந்து காற்றில் ஏறிச் சமவெளிக்கு இறங்குகின்றது என்று காட்டினார். இமயத்தோடு நம் நீலகிரியையும் பழனிமலையையும் அவர் அவ்விடங்களாகக் குறித்தார். கோதுமை அதிகம் விளையாத நம் நாட்டு மலைகள், தொலைவிலுள்ளோர் வயலுக்கு நோய் வழங்கும் இடமாயிருந்தன என்பது நமக்குப் பெருமை தருவதன்று, ஆயினும் அறியத்தக்கது.

ஆகவே ஓராண்டுச் செடி, பல்லாண்டுச் செடி என்னும் பெயர்களையே பிடித்துக்கொண்டிருப்பதிலும் பயனில்லை. மலர்வழி பரவும் நோயைப் பொறுத்தவரை, நாம் கேட்கவேண்டிய வினா, பூத்தபின்னும் செடி வாழ்கின்றதா என்பதே. இதற்கு நம் குறிஞ்சியே நல்ல எடுத்துக்காட்டு என்று கருதுகின்றேன். நீலக்குறிஞ்சி 2006-இல் பூத்தது; 2018-இல் மீண்டும் பூத்தது. பன்னிரண்டு ஆண்டு வாழும் ஒரு செடியை ஓராண்டுச் செடி என்று எவரும் கூறார். ஆயினும் அது வாழ்வில் ஒருமுறையே பூக்கின்றது. பூத்து விதை முற்றியதும் மடிகின்றது. கேம்பியனைப் பற்றும் பூசணத்தைப் போன்ற ஒன்று குறிஞ்சி மலருக்கு வந்ததாக எண்ணிப்பாருங்கள். மலைமுழுதும் ஒரே காலத்தில் பூக்கும் அப்பெருங்கூட்டத்தில் பூச்சிகள் வழியே அது பரவக்கூடும். அதன்பின்? பற்றிய செடிகள் யாவும் பட்டுப்போகும். புதிதாக முளைக்கும் செடிகளில் அடுத்த பூவுக்குப் பன்னிரண்டு ஆண்டு காத்திருக்க வேண்டும். அத்தனை ஆண்டு அப்பூசணம் எங்கே ஒதுங்கும்? இது யான் அறிவால் ஊகித்துக் கூறுவதே. ஆனால் நோயின் நோக்கில் நின்று பார்த்தால், பன்னிரண்டாண்டுக் குறிஞ்சி, நான்காண்டு வாழும் கேம்பியனைவிட நாற்பது நாட் பூண்டுக்கே நெருங்கிய உறவாகத் தோன்றுகின்றது. குறிஞ்சியின் அருமையைப் பாடிய புலவர் பலர். அவ்வருமையே அதற்கு அரணாகவும் இருத்தல் கூடும் என்பது பாடப்படாத பொருள்.

சொற்களைப் பற்றிய ஒரு கண்டிப்பும் இங்கே வேண்டும். தமிழ் மாணவன் இதைக் கூறாவிடின் வேறு யார் கூறுவர்? நோய் ஏற்கும் தன்மை வேறு, நோய் காணப்படுதல் வேறு. நுண்வித்து தன்மேல் விழுந்தபோது இடங்கொடுக்கும் உடம்பு நோய் ஏற்கும் தன்மையுடையது. ஆயினும் நுண்வித்து அங்கே வந்து சேராவிடினும், வந்து நிலைபெறாவிடினும் நோய் காணப்படாது. 42,000 உலர்செடிகளில் ஓராண்டுச் செடி ஒன்றேனும் நோயுறவில்லை என்பது, அவை நோய் ஏற்கமாட்டா என்பதற்குச் சான்றன்று. திருடன் வாராத தெருவில் பூட்டின் உறுதியை அளக்க இயலாது. பத்திரிகைகளில் இவ்விரண்டையும் ஒன்றாக்கி, இன்ன செடி நோயை வெல்லும், இன்ன செடி தோற்கும் என்று எழுதுவோர் மிகப் பலர். உழவனுக்கு இக்குழப்பம் பெருநட்டமாக முடியும். ஏற்கும் தன்மையில்லாத விதை எந்த வயலிலும் பிழைக்கும். நோய் வந்து சேராததால் மட்டும் பிழைத்த விதை, நோய் சேரும் வயலுக்குச் சென்ற முதலாண்டே அழியும்.

இவ்வேறுபாட்டைக் கருதினால், பல்லாண்டுச் செடியின் பக்கமும் நியாயம் உண்டு என்பது விளங்கும். எம்மி புரூன்ஸ், ஹூட், அன்டோனோவிக்ஸ் என்போர் 2015-இல் கணக்கியல் முறையில் ஒன்றை ஆராய்ந்தனர். தலைமுறை நீண்ட உயிர்கள் மெல்ல மாறும், தலைமுறை குறுகியவை விரைந்து மாறும் என்பது பலர் கொள்கை. மலடாக்கும் இவ்வகை நோயை எதிர்க்கும் ஆற்றலைப் பொறுத்தவரை அது தலைகீழாகக்கூடும் என்று அவர்கள் கணக்குக் காட்டிற்று. நீண்டு வாழும் செடி, நோய்க்கு ஆளாகும் காலமும் மிகுதி. அக்கூட்டத்தில் நோயின் அளவும் மிகுதி. ஆகவே எதிர்ப்பாற்றல் உடையதற்குக் கிடைக்கும் நன்மையும் மிகுதி. அதனால் அவ்வாற்றல் அங்கே விரைந்து பரவும். அடிபட்ட இடத்தில்தான் தழும்பு உறைக்கின்றது. பல்லாண்டு வாழும் காட்டுச்செடிகள் நோயின் இருப்பிடமாயிருப்பதோடு, நோயெதிர்ப்பின் கருவூலமாகவும் இருத்தல் கூடும் என்பது இதனாற் பெறப்படும்.

இவையெல்லாம் மேனாட்டு மலைச்சரிவில் பூக்கும் களைச்செடிகளின் கதைதானே, நமக்கென்ன என்பார்க்கு விடை கூறும் இடம் வந்துவிட்டது. மனிதன் உண்ணும் தானியங்களிற் பெரும்பாலன ஓராண்டுப் பயிர்கள். அவற்றைப் பல்லாண்டுப் பயிர்களாக மாற்றவேண்டும் என்று சிலர் பல ஆண்டுகளாக உழைத்து வருகின்றனர். அமெரிக்காவின் கான்சஸ் மாகாணத்தில் வெஸ் ஜாக்சன் என்பார் 1976-இல் நிறுவிய நிலநிறுவனம் இதற்கு முன்னோடி. சீனத்து யூன்னான் மாகாணத்தில், ஆப்பிரிக்காவின் பல்லாண்டுக் காட்டுநெல்லொன்றைப் பயிர்நெல்லோடு கலந்து உண்டாக்கிய பி.ஆர்.23 என்னும் நெல் 2018-இல் உழவர்க்கு வழங்கப்பட்டது. ஒருமுறை நட்டு, நான்கு ஆண்டுகளில் எட்டுமுறை அறுத்தனர். எக்டேருக்குச் சராசரி 6.8 டன் விளைந்தது என்றும், ஒவ்வொரு பருவமும் புதிதாக நட்ட நெல் 6.7 டன் விளைந்தது என்றும் 2022-இல் கணக்கு வெளியிட்டனர். உழவு மிச்சம், நாற்று மிச்சம், நடவு மிச்சம், மண்ணும் அரிக்கப்படுவதில்லை. நாற்று நடும் பெண்களின் முதுகு நோவை அறிந்தவர் எவரும் இதனை இகழார். யானும் இகழவில்லை.

ஆனால் இம்முயற்சியைப் போற்றும் கட்டுரைகள் பலவற்றில் ஒரு தொனி கேட்கின்றது. பல்லாண்டுப் பயிர் ஆழ்ந்த வேருடையது, ஆகவே வலியது, ஆகவே நோயற்றது என்று ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தாவிச் செல்கின்றனர். ஆழ்ந்த வேர் வறட்சியைத் தாங்கும். பூசணத்தைத் தாங்கும் என்பதற்கு அது சான்றாகாது. வயலை அறுத்து, உழுது, வெயிலில் காயவிடும் அந்தச் சில வாரங்களில் நாம் நெல்லை மட்டும் அகற்றுவதில்லை. நெல்லை நம்பிய எத்தனையோ நுண்ணுயிர்களின் வீட்டையும் இடிக்கின்றோம். ஓராண்டுச் செடிக்கு இயற்கை தந்த அரணை உழவன் ஏர்முனையால் ஆண்டுதோறும் புதுப்பிக்கின்றான். பல்லாண்டு நெல்லில் அந்த அரண் இல்லை. அதற்கு ஈடாக வேறென்ன வைக்கப்போகின்றோம் என்பதை முன்னரே வினவுதல் கடன்.

இவ்வினாவுக்கு விடை தேடச் சீனம் செல்லவேண்டுவதில்லை. கரும்பு உண்மையில் ஒரு பல்லாண்டுப் புல். நட்ட பயிரை அறுத்தபின் அடிக்கட்டையினின்று மீண்டும் தளிர்ப்பதை நம் உழவர் மறுதாம்பு என்றும் கட்டைக்கரும்பு என்றும் கூறுவர். அதிலும் கரிப்பூட்டை உண்டு. நுனிக்குருத்தினின்று கரிய சாட்டை போன்ற ஒன்று நீண்டு, அதன் தூள் காற்றில் பறந்து பிற கரும்பின் பருக்களைப் பற்றும். நடவுப் பயிரில் சில தூர்களில் தோன்றிய இந்நோய் மறுதாம்பில் பெருகுவதைக் கரும்பு விளைவிப்போர் அனைவரும் கண்டிருப்பர். நோயுற்ற வயலில் மறுதாம்பு விடாதீர் என்று வேளாண்மைத் துறையார் ஓயாமல் கூறுவதும் இதனாலேயே. புதிதாகக் கரணை வாங்கி நடும் செலவை அஞ்சி அதனை மீறுவோரும் உளர். அவர்களைக் குறைகூற எனக்கு மனமில்லை. கேம்பியனின் அடித்தண்டில் மேனாட்டு அறிஞர் கண்டதும் கரும்பின் அடிக்கட்டையில் நம் உழவர் கண்டதும் அடிப்படையில் ஒன்றே.

பல்லாண்டு நெல் வேண்டாம் என்று இதனால் யான் கூறவில்லை. அதன் தந்தையாகிய ஆப்பிரிக்கக் காட்டுநெல்லே ஒருவகைக் கருவூலம். நெல்லின் இலைக்கருகலை எதிர்க்கும் புகழ்பெற்ற மரபுக்கூறு ஒன்று அதிலிருந்தே பெறப்பட்டது. அந்நோய் பூசணத்தால் வருவதன்று, பாக்டீரியாவால் வருவது. எனினும் நீண்டு வாழும் காட்டுச்செடியில் எதிர்ப்பாற்றல் திரண்டு நிற்கும் என்ற கருத்தோடு அது பொருந்தியே உளது. விளைச்சலையும் தளிர்ப்பையும் நோக்கித் தேர்ந்தெடுக்கும் அறிஞர், அத்தேர்வில் குலைநோயையும் நெற்பழ நோயையும் எதிர்க்கும் ஆற்றலைக் கடைசி வரிசைக்குத் தள்ளிவிடலாகாது. ஓராண்டு நெல்லுக்குப் போதிய எதிர்ப்பாற்றல் பல்லாண்டு நெல்லுக்குப் போதாது. ஒரு பருவம் காக்கும் காவலனும் எட்டுப் பருவம் காக்கும் காவலனும் ஒரே சம்பளத்திற்குக் கிடைக்கமாட்டார்கள்.

மற்றொன்றும் வேண்டும். இத்தனை ஆண்டிற்கு ஒருமுறை வயல் முழுதும் உழுது, வேறு பயிர் மாற்றி, சிறிது காலம் நெல்லின் பசுமையே இல்லாமற் செய்தல் கட்டாயம் என்று விதையோடு சேர்த்தே உழவனுக்கு உரைக்கவேண்டும். அடுத்தடுத்த வயல்களில் ஒருவர் உழுத காலத்தில் மற்றவர் பசுமையாக வைத்திருந்தால் பயனில்லை. கிரவுண்ட்செல்லின் கதைதான் திரும்பும். ஆதலின் ஊரார் கூடி முடிவுசெய்யவேண்டியது இது. ஏரி மடை திறக்கும் நாளை ஊர்கூடி முடிவுசெய்து பழகிய நம் நாட்டில் இஃது இயலாததன்று. விதை விற்போரின் விளம்பரத்தில் இவ்வரியைக் காணும் நாளில், பல்லாண்டு நெல்லைப் பற்றி யானும் மகிழ்ந்து ஒரு கட்டுரை எழுதுவேன்.